வெந்நீரும் வெறும் மெட்டும்

என் வயசுக்காரிகளே, உங்களில் பாதிப் பேருக்கு மூட்டுவலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. எனக்கு இரண்டும் உண்டு. அதனால் உங்கள் எல்லாரையும்விட நிதானமாக உட்கார்ந்து இதைச் சொல்ல எனக்குத்தான் தகுதி அதிகம்.

போன மாதம் ஆரணியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சாவு. நாம் எல்லாரும் போயிருந்தோம். வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, உள்ளே ஐஸ் பெட்டி. ஓரத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்து, யாரோ எங்கேயோ பாடிய ஒப்பாரியைப் பென்டிரைவில் போட்டு ஓட விட்டிருந்தார்கள். நடுவில் அது நின்றுபோனது. ஒரு ஆள் எழுந்து போய் இரண்டு தட்டுத் தட்டியதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி அழ ஆரம்பித்தது. அப்போது உங்களில் ஒருத்தி என் பக்கம் சாய்ந்து, "உங்கம்மா இருந்திருந்தா இந்தப் பொட்டி எதுக்குடி?" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "ஆனா ஊருக்கெல்லாம் அழுதுச்சி. உங்கப்பாவுக்கு ஒரு வார்த்தை பாடல பாரு."

இதை நான் அப்பா போன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன், ரேஷன் கடை வரிசையில் கேட்டிருக்கிறேன். பாசமில்லாத மனுஷி என்று சொன்னவர்கள் உண்டு. புருஷனோடு மனஸ்தாபம் என்று கதை கட்டியவர்கள் உண்டு. சாவு வீட்டில் சண்டை போடக்கூடாது என்பதால் அன்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. இனி நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

எங்கள் வீடு உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அந்த நாளில் முன்னறை முழுக்கத் தறிதான். குழிக்குள் கால் விட்டு அப்பா உட்கார்ந்திருப்பார். அவர் நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால், ஒரு ஆள் தனியாக நெய்ய முடியாது. கரைப் பக்கம் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நூல் ஓடும் சின்ன நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த ஆள் அம்மா. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து ராட்டையில் நாடாவுக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவேன். தம்பி அப்போதுதான் நடக்கப் பழகி, நடையை விட்டு ஓட்டத்துக்கு வந்திருந்தான். தறிக் குழியில் விழுந்துவிடுவான் என்று அவன் இடுப்பில் பழைய சேலைத் துண்டைக் கட்டி மறுமுனையைத் தூணில் கட்டியிருப்போம். துண்டு இழுக்கும் தூரம் வரை ஓடுவான், அங்கே பொத்தென்று உட்காருவான், சிரிப்பான். அந்த வீட்டின் வாசனை எது என்று கேட்டால், பட்டு நூலின் பச்சை வாசனையும் குழி மண்ணின் ஈர வாசனையும் அவன் தலையில் தேய்த்த விளக்கெண்ணெயும்தான் என்று சொல்வேன்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் தேவிகாபுரம். அங்கே எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் சின்னப் பெண்ணாக இருந்தபோதே ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்து கொள்வாளாம். அழுவதற்கு அல்ல, பாட்டுக் கேட்பதற்கு. கல்யாணமாகி இங்கே வந்த பிறகு பக்கத்து வீட்டில் ஒரு சாவு. ஒப்பாரி வைத்த அம்மாளுக்கு இருமல் வந்து பாதியில் நின்றுவிட, புது மருமகள் அதை எடுத்து முடித்திருக்கிறாள். அன்றோடு ஊரில் பேர் பரவிவிட்டது. பிறகு வந்தவாசிப் பக்கத்திலிருந்துகூட ஆள் வந்து கூப்பிட்டுக்கொண்டு போவார்கள்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் எல்லாரும் அவளை இளகிய மனசுக்காரி என்று நினைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வேறு சிலதும் தெரியும். கூப்பிட ஆள் வந்ததும் முகத்தில் ஒரு பரபரப்பு வரும். பழைய சேலைதான் கட்டுவாள், ஆனால் எந்தப் பழைய சேலை என்று இரண்டு மூன்றை எடுத்துப் பார்ப்பாள். தலையை நன்றாகச் சீவி முடிந்துகொண்டு போய், அங்கே வாசலில் நின்று அவிழ்த்துவிடுவாள். பாடிக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணால் புதிதாக யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று பார்ப்பாள். கண்ணீரும் நிஜம்தான், அந்தப் பார்வையும் நிஜம்தான். ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நாலு பேர் முன்னால் வாய் திறந்து பாட அந்த நாளில் வேறு மேடை எங்கே இருந்தது?

அதற்காக அவளுக்கு வீடு கசந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சாயங்காலம் தறி நின்றதும் அவளுடைய பித்தளை டம்ளரில் காப்பி ஊற்றிக்கொண்டு, பின்கட்டு நிலைப்படியில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தால் அவளை யாரும் அசைக்க முடியாது. அந்த டம்ளரில் நாங்கள் தண்ணீர் குடித்தால்கூடக் கோபம் வரும். இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று வைத்திருந்தாள், அதை வெயிலில் போட்டுத் தட்டித் தட்டி உப்ப வைப்பாள். வெளியூரில் ராத்தங்கச் சொன்னால், "எனக்கு எந்தலகாணி இல்லன்னா தூக்கம் வராதுங்க" என்று சொல்லி எப்பாடு பட்டாவது கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள்.

அப்பா அவளைத் தடுத்தவர் இல்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். ஒப்பாரியை வீட்டுக் கூரைக்குக் கீழே பாடக்கூடாது. உங்கள் வீடுகளிலும் இதே வழக்கம் இருந்திருக்கும். சாவு இல்லாத வீட்டில் அந்த வார்த்தைகளைச் சொன்னால் அது உயிரோடு இருப்பவர்கள் மேல் விழும் என்பார்கள். ஆனால் அம்மாவால் சும்மா இருக்க முடியாது. தறியில் உட்கார்ந்தாலே வாய் முணுமுணுக்கும். கடைசியில் அப்பாவே ஒரு வழி சொன்னாராம்: "மெட்ட மட்டும் பாடிக்கோ. வார்த்த வேணாம்."

அப்படித்தான் நடந்தது. தறி மிதிக்கும் சத்தத்துக்கு நடுவில் வாயை மூடியபடி அவள் மெட்டை மட்டும் பாடுவாள். அந்தத் தாளத்துக்கே அப்பாவின் காலும் மிதிக்கும். எப்போதாவது மறந்துபோய் ஒரு வார்த்தை வெளியே வந்துவிடும். உடனே அப்பா தறியை நிறுத்துவார். திட்டமாட்டார், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். தறி நின்றதும் அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள். பிறகு மறுபடி தறி ஓடும், மெட்டு ஓடும். வார்த்தைகளை அவள் ஆற்றங்கரைக்குத் துணி துவைக்கப் போகும்போது கட்டிப் பார்ப்பாள்.

சாவு வீட்டிலிருந்து அவள் திரும்பும் நேரம் அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிடும். தெருக்கோடியில் அவள் தலை தெரியும்போதே பின்கட்டில் செப்புத் தவலையில் வெந்நீர் தயாராக இருக்கும். சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் உள்ளே நுழையாமல் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய்த் தலை முழுகிவிட்டுத்தான் வரவேண்டும். அது காய்ச்சாத கிணற்றுத் தண்ணீராக இருக்க வேண்டும் என்பது வழக்கம். அப்பா அதை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. காலையிலிருந்து தொண்டை வற்றக் கத்திவிட்டு வருகிறவள் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதா என்பார். தவலைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, "பதமா கீது, ஊத்திக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

அவள் குளித்துவிட்டு வந்ததும் சுடச்சுடச் சோறும் மிளகு ரசமும். அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கூத்து. யார் எப்படி அழுதார்கள், எந்த மருமகள் கண்ணில் தண்ணீரே வராமல் முந்தானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், எந்த மாப்பிள்ளை அழுகைக்கு நடுவே சாப்பாடு எப்போது என்று கேட்டார் என்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவாள். பாட்டு மட்டும் வராது. அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறி, "போதும்டி" என்பார். என் வாழ்க்கையில் நான் அதற்குப் பிறகு எவ்வளவோ இடங்களில் சாப்பிட்டுவிட்டேன். அந்த ரசச் சோற்றுக்கு ஈடாக ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

அடுத்த வீட்டில் பெரிய அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. சாவு வீடுகளுக்கு அம்மாவுக்குத் துணையாகப் போகிறவள் அவள்தான். அம்மா பாட்டில் அவளுக்கு உயிர். ஆனால் அந்த வெந்நீரைக் கண்டால் ஆகாது. தன் வீட்டுக் கிணற்றடியில் நடுங்க நடுங்கத் தலைமுழுகிக்கொண்டே, "வெந்நீர்ல எங்கனா தீட்டு போவுமா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள். அப்பா தறிப் பக்கம் போய்விடுவார். அம்மா மட்டும் எனக்குக் கண்ணைக் காட்டிச் சிரிப்பாள்.

தம்பி ஓடப் பழகிய அந்த வருஷம் கோடையில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருந்தார்கள். பகலில் கதை, ராத்திரியில் கூத்து என்று ஊர் அதிலேயே கிடந்தது. தம்பிக்குச் சளி என்பதால் அம்மா கூத்துப் பார்க்கப் போகவில்லை. ஆனால் காற்றில் வரும் பாட்டை வைத்தே இன்றைக்கு எந்த ஆட்டம், எந்த இடத்தில் தாளம் தப்பியது என்று சொல்லிவிடுவாள்.

கடைசி நாள் காலையில் படுகளம். கோயிலுக்கு முன்னால் மைதானத்தில் துரியோதனனைக் களிமண்ணால் பெரிதாகச் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். வெயில் ஏறும் நேரத்தில் பீமன் வந்து அவன் தொடையை உடைப்பான். அதற்குப் பிறகு அவனுடைய தாய் காந்தாரி வந்து பிள்ளையின் தலைமாட்டில் விழுந்து ஒப்பாரி வைக்க வேண்டும். பெண் வேஷம் கட்டுகிறவருக்கு எல்லா நாளும் பாடிப் பாடி, படுகளத்துக்கு முந்தின நாள் பேச்சே வராமல் போய்விட்டது. அன்று மத்தியானம் கூத்து வாத்தியாரும் கோயில் பெரியவரும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

வேஷம் எதுவும் கட்ட வேண்டாம், ஆட்டத்தைத் தங்கள் ஆள் பார்த்துக்கொள்வார், அம்மா சிலையின் தலைமாட்டில் உட்கார்ந்து குரல் கொடுத்தால் போதும் என்று வாத்தியார் கேட்டார். அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த நாடாவைக் கீழே வைக்கக்கூட மறந்துபோயிருந்தாள். சத்தம் கேட்டு வந்த பெரிய அத்தைதான் முதலில் வாய் திறந்தாள்.

"உசுரோட ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு, சாவாத சாவுக்கு யாருனா போயி அழுவாங்களா?"

அப்பா யோசித்தார். தூளியில் தம்பி இருமிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னார்: "அது களம்க்கா. கூரையே இல்ல. சாவறது களிமண்ணு."

அவ்வளவுதான். அவர் தான் வைத்த கட்டுப்பாட்டை மனசுக்குள் வைத்து அளந்து பார்த்து, அது மீறப்படவில்லை என்று முடிவு செய்திருக்கிறார். இப்போது நினைத்தால் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. தறிச் சத்தத்துக்குள் மூடிய வாயோடு அவள் பாடுவதை வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் அவர். ஒரு தடவையாவது அவள் முழு ஊர் முன்னால் வாய் திறந்து பாடட்டும் என்ற ஆசை அவளைவிட அவருக்குத்தான் அதிகம் இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் புறப்படும்போது அம்மா தம்பியின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "லேசா சுடுதுங்க" என்றாள். அப்பா அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் மடியிலயே வெச்சிகினு இருக்கேன், நீ போ" என்றார். வேண்டாம் என்று சொன்ன பெரிய அத்தையும் பாட்டை விட மனசில்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. களிமண் துரியோதனன் வெள்ளையும் சிவப்பும் பூசிக்கொண்டு, மீசை முறுக்கி, வானத்தைப் பார்த்துக் கிடந்தான். பீமன் சுற்றிச் சுற்றி ஓடினான், தொடை உடைந்தது, சிவப்புத் தண்ணீர் மண்ணில் ஓடியது, ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். பிறகு காந்தாரி வேஷக்காரர் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு தட்டுத் தடுமாறி வந்து சிலையின் தலைமாட்டில் விழுந்தார். அவருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த அம்மா, அவிழ்த்துவிட்ட தலையோடு ஆரம்பித்தாள்.

கண்ணைக் கட்டி வாழ்ந்தேனே
காலடியில் உன்னைக் கண்டேனே
ஓடிவரும் சத்தம் கேட்டு
உன்னை நான் அறிஞ்சேனே
இன்னிக்கு எந்தச் சத்தம் கேட்டு
எம்மவனைத் தேடுவேனே

நூறு பிள்ளைகளையும் கண்ணால் பார்க்காமல் காலடிச் சத்தத்தை வைத்தே அடையாளம் கண்ட தாய் என்று அவளாகவே கட்டிய பாட்டு அது. தறியில் உட்கார்ந்தபடியே, தம்பி எந்த மூலையில் ஓடுகிறான் என்று திரும்பாமல் சொல்கிறவள் அல்லவா அவள்! கூச்சல் நின்றது. வாத்தியார் மிருதங்கத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். வேஷக்காரர் அவள் குரலுக்கு மாரில் அடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். குலத்தைக் கெடுத்த துரியோதனனுக்காக ஆரணிக்காரர்கள் அன்றைக்கு அழுததைப் போல வேறு எந்த ஊரிலும் அழுதிருக்கமாட்டார்கள். பெரிய அத்தை என் கையை நசுக்கிவிட்டாள். ஓரக்கண்ணால் கூட்டத்தைப் பார்க்கிற அம்மா அன்று யாரையும் பார்க்கவில்லை.

மத்தியான வெயிலில் வீட்டுக்கு வந்தோம். அப்பா வழக்கம்போல் பின்கட்டில் வெந்நீர் காய்ச்சி வைத்துவிட்டு, தம்பியை மடியில் வைத்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார். "தண்ணி காஞ்சிருக்கு" என்றார். அம்மா சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. "களிமண்ணுக்கு யாருங்க தீட்டு பாப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டே நேராக வாசல் வழியாக நுழைந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு தறிவீட்டுக்குள் போனாள். பீமன் எப்படி ஓடினான் என்று அவனை இடுப்பில் வைத்து ஓடிக் காட்டினாள். அவனும் இருமிக்கொண்டே சிரித்தான். வெந்நீர் வீணாக வேண்டாம் என்று சாயங்காலம் அதில் என்னைக் குளிப்பாட்டினார்கள்.

அன்று இருட்டுவதற்குள் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. மறுநாள் பொழுது விடிந்ததும் வந்து தொட்டுப் பார்த்த பெரிய அத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கெட்ட மனசுக்காரி அல்ல, பயந்துபோய்விட்டாள். பொய்ச் சாவுக்கு அழுதது ஒன்று, தலைமுழுகாமல் உள்ளே வந்தது இன்னொன்று, இவ்வளவு வருஷமாக வெந்நீரில் போகாமல் நின்ற தீட்டெல்லாம் சேர்ந்து இப்போது பிள்ளை மேல் இறங்கியிருக்கிறது என்றாள். அப்பா எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

வீடு முழுக்கக் கழுவினார்கள். தறியின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அம்மாவும் அப்பாவும் நானும் கிணற்றடியில் ஈரத் துணியோடு நின்று தலைமுழுகினோம். கடைசியாகப் பிள்ளை. அப்பா அவனுக்கு மட்டுமாவது என்று அடுப்பருகே போய்த் தவலையைத் தொட்டார். பெரிய அத்தை, "டேய், வேணாண்டா" என்றாள். அவர் கையை எடுத்துவிட்டார். அம்மா அவனைப் பிடித்துக்கொள்ள, பெரிய அத்தை கிணற்றுத் தண்ணீரைக் குடத்தோடு ஊற்றினாள். அவனுக்கு அழக்கூட மூச்சு வரவில்லை, வாயைத் திறந்தபடி அம்மா முகத்தையே பார்த்தான்.

மறுநாள் மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெஞ்சு முழுக்கச் சளி கட்டியிருக்கிறது, இதற்கு முன்னாலேயே ஏன் கொண்டுவரவில்லை என்று டாக்டர் கோபித்துக்கொண்டாராம். பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டியதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு போன துண்டை மட்டும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அம்மா திரும்பி வந்தாள். சின்னப் பிள்ளைக்கு ஒப்பாரி கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்தே சத்தமில்லாமல் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

இப்போது என் பேரனுக்குச் சளி பிடித்தால் மூக்கில் மாட்டிப் புகை விடும் மெஷின் வீட்டிலேயே இருக்கிறது. அதை மாட்டும் ஒவ்வொரு முறையும் தம்பியை நினைத்துக்கொள்வேன். அவனைக் கொண்டுபோனது தீட்டு அல்ல. அம்மா பாடப் போவதற்கு முன்பே அவன் நெஞ்சில் இருந்த சளி. அவனுக்கு வேண்டியிருந்தது டாக்டரும் கதகதப்பும். இரண்டையும் தள்ளிவிட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றினோம். ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை. பாடியதால் போனது என்றுதான் நினைத்தது. அம்மாவும் அதையே நம்பினாள். அப்பா தன் வெந்நீரால்தான் போனது என்று நம்பினார். ஒருவரையொருவர் ஒரு சொல் குறை சொல்லிக்கொள்ளவில்லை. பெரிய அத்தை அதற்குப் பிறகு தீட்டு என்ற பேச்சையே எடுத்ததில்லை. வயசான காலத்தில் என் பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் வந்து நின்று, "தண்ணி காஞ்சிதாம்மா இருக்கு?" என்று கேட்பாள்.

அம்மா அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டுக்கும் பாடப் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவாள். தறியில் மெட்டும் நின்றது. தவலையை அப்பா கவிழ்த்துப் பரண் மேல் போட்டார். அன்றிலிருந்து அவர் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். மார்கழி மாசத்திலும், உடம்பு முடியாதபோதும், கடைசி வரைக்கும் அதுதான். கிணற்றடியில் அவர் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் உள்ளே கேட்கும். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நிற்பாள்.

ஒன்றை மட்டும் நான் கவனித்திருக்கிறேன். நெய்துகொண்டிருக்கும்போது அப்பா சில நேரம் திடீரென்று தறியை நிறுத்துவார், முன்பு ஒரு வார்த்தை தவறினால் நிறுத்துவது போலவே. ஏன் நிறுத்தினீர்கள் என்று அம்மா கேட்டால் இழை அறுந்துவிட்டது என்பார். எந்த இழையும் அறுந்திருக்காது. கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி மிதிப்பார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில் ஒரு நாள் அவர் கேட்டேவிட்டார். "ஒரு பாட்டு பாடேன். வார்த்தையோடவே பாடு." அம்மா கூரையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "கூரைக்குக் கீழயா?" என்றாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

இனி அப்பா போன நாளுக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் முன்கட்டில் இருந்தீர்கள். அம்மா தலைமாட்டில் கல்லாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தீர்கள். உங்களில் ஒருத்தி பாட்டை எடுத்துக் கொடுத்து, அவள் தொடர்வாள் என்று காத்திருந்ததும் எனக்குத் தெரியும். அவள் தொடரவில்லை. பங்காளிகள் குளிப்பாட்டுவதற்குக் குடங்களில் தண்ணீர் கொண்டுவந்து இறக்கியதும் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். நான் மட்டும் பின்னாலேயே போனேன்.

பரணைக் காட்டி, தவலையை இறக்கு என்றாள். களிம்பு ஏறிப் பச்சையாகியிருந்தது. புளி போட்டுத் தேய்த்தோம். பங்காளி ஒருவர் வந்து, பிணத்துக்கு எதற்கம்மா வெந்நீர், நேரமாகிறது என்று சொன்னார். அவள் அவர் கையிலிருந்த குடத்தை வாங்கித் தவலையில் கவிழ்த்தாள்.

"ஜில்லுனு ஊத்தாதீங்க. அவரு குளிர் தாங்க மாட்டாரு."

செங்கல்லைக் கூட்டி, தென்னை மட்டையை ஒடித்து வைத்து, அவளே பற்ற வைத்தாள். நான் பக்கத்தில் குந்தி மட்டையைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டேன். வாயை மூடியபடி மெட்டை மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். படுகளத்தில் காந்தாரிக்குப் பாடிய அதே மெட்டு. நாங்கள் இருந்தது கூரைக்கு வெளியே. சாவும் நிஜச் சாவு. வார்த்தையோடு பாடியிருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் அவர் சொன்னபடியே, வார்த்தை இல்லாமல், தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் பாடினாள். முன்கட்டில் நீங்கள் போட்ட சத்தத்தில் உங்களுக்கு அது கேட்டிருக்காது.

தண்ணீரில் ஆவி எழும்பியது. அம்மா சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். பிறகு அப்பா படுத்திருந்த முன்கட்டுப் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

"பதமா கீதுங்க. ஊத்திக்கோங்க."